தமிழ் வழியாக யப்பானுக்கு

யப்பானில் ஒரு மலையூர் விடுதிக்கு வேலைக்குப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டு மேசையில் அம்மா, அப்பா, நான் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கணக்கியலில் பட்டம் எடுத்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு கணக்காளர் அலுவலகத்தில் இடமும் கிடைத்திருந்தது. அதை வேண்டாமென்று சொல்லிவிட்டேன் என்றதும் அப்பா குழைத்த சோற்றை அப்படியே சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

"அங்கை என்ன வேலை?"

"முதலில் குசினியில் கோப்பை கழுவுவது, பிறகு பார்க்கலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு வழக்கம் அதுதான். அவர்கள் தமிழில் கேட்பார்கள், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன்.

"குரோய்டன் குடிவரவுக் கந்தோரிலை நான் குளிருக்கை வரிசையிலை நிண்டு எடுத்த விசா" என்றார் அப்பா. "நான் லண்டனிலை கோப்பை கழுவினது நீ கழுவக் கூடாதெண்டு. நீ பிரிட்டிஷ் பாஸ்போட்டைக் கொண்டுபோய் இன்னொரு நாட்டிலை அதே வேலையைத் துவங்கப் போறாய், என்ன?"

பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் யப்பானிய மொழி கொஞ்சம் படித்திருந்தேன். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் என்னைத் தெரிந்த தெருக்களில்தான் வளர்ந்தேன். என்னை ஒருவருக்கும் தெரியாத இடத்தில், தெரியாத மொழியில், என்னால் பிழைக்க முடியுமா என்று பார்க்க ஆசையாக இருந்தது. அதை எந்த மொழியில் சொன்னாலும் அப்பாவுக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

அம்மாவின் கவலை வேறு. "அங்கை எங்கடை ஆக்கள் ஆராவது இருக்கினமோ?" என்றார். இல்லை என்றேன். "சாப்பாடு என்ன?" சோறும் மீனும் என்றேன். "அப்ப பறவாயில்லை" என்று சொல்லி எனக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டார்.

அந்த விடுதி வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்போன ஒரு சிற்றூரில் இருந்தது. குளிர்காலத்தில் பனி வீட்டுக் கூரை வரைக்கும் வரும். அதை நடத்தியவர் ஐம்பது தாண்டிய ஒரு பெண். மெலிந்தவர், நேராக நிற்பவர், எதையும் இரண்டாம் முறை சொல்லாதவர். அவர் என்னுடன் யப்பானிய மொழியில்தான் பேசினார். ஆனால் இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் அவர் சொன்னதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழில்தான் என் காதில் கேட்கிறது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்த மாதமே அவரிடம், எப்போது என்னை முன்பக்கம் விடுவீர்கள் என்று கேட்டேன். முன்பக்கம் என்றால் கிமோனோ உடுத்து, வாசலில் விருந்தாளிகளை வரவேற்று, அறைக்கு அழைத்துப் போய் உணவு பரிமாறுகிற வேலை.

"இஞ்சை வாறவை யப்பானைப் பாக்க வருகினம்" என்றார் அவர். "வாசலிலை உம்மைக் கண்டால் அவைக்கு ஒரு மாதிரி இருக்கும். நீர் கதைக்கிற யப்பான் மொழியும் இன்னும் சரிவரேல்லை. குசினியிலையே நில்லும்."

அவர் சொன்ன முதல் காரணம் என்னைச் சுட்டது. ஆனால் இரண்டாவது உண்மை. குசினியில் தலைமைச் சமையற்காரர் ஒரு பொருளைக் கேட்டால் நான் இன்னொன்றை எடுத்து நீட்டுவேன். 'சொரே' என்று கத்துவார். சொரே என்றால் ஆங்கிலத்தில் 'தட்' என்றுதான் எனக்கு வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அது என்றால் தூரத்தில் இருப்பதுதானே என்று நான் அந்தக் கரை அலுமாரிக்கு ஓடுவேன். அவர் கேட்டது என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். தூரத்தில் இருப்பதற்கு 'அரே' என்று இன்னொரு சொல் இருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தாளில் எனக்குத் தெரியும். ஆனால் கை அதற்குப் பழகவில்லை. ஆங்கிலத்தில் யோசிக்கிற தலை இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டது.

ஒரு நாள் பின்னேரம், இராச் சாப்பாட்டு வேலை தொடங்குமுன் கிடைத்த இடைவேளையில், அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். லண்டனில் அப்போது காலை. அம்மா தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்தார். என் கையில் ஒரு மரக் கரண்டி இருந்தது.

"உதென்ன உன்ரை கையிலை?" என்றார் அம்மா.

நான் கரண்டியைப் பார்த்தேன். அம்மா அதென்ன என்று கேட்கவில்லை. இதென்ன என்றும் கேட்கவில்லை. உது. கேட்கிற ஆளுக்குப் பக்கத்தில் இருக்கிற பொருள். இது, உது, அது. கொரே, சொரே, அரே. என் வீட்டில் பிறந்த நாள் தொட்டுக் கேட்டு, ஒரு நாளும் நான் வாய் திறந்து சொல்லாத சொல் அது.

"அம்மா, திரும்பச் சொல்லுங்கோ" என்றேன்.

"என்னத்தை?"

"இப்ப கேட்டதை."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சொன்னார். நான் தமிழில் கதைத்ததைத்தான் முதலில் கவனித்ததாக அம்மா பிறகு அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

அன்று இரவு சமையற்காரர் 'சொரே' என்று கத்தியபோது என் தலைக்குள் 'உது' என்று கேட்டது. கை தானாகப் பக்கத்திலிருந்த தட்டை எடுத்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார். அவர் என்னைத் திட்டாமல் விட்ட முதல் இரவு அது.

அதற்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைக்குப் போறன் என்றால் கடை என்ற சொல்லுக்குப் பிறகுதானே 'கு' வருகிறது. அவர்களும் அப்படித்தான், உருபைப் பின்னால் வைத்தார்கள். வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும். போறியளோ என்று நாங்கள் 'ஓ' போட்டுக் கேட்கிற இடத்தில் அவர்கள் 'கா' போட்டார்கள். மரியாதைப் பேச்சுத்தான் வெளிநாட்டுக்காரரை அங்கே அழவைக்கிற பகுதி. அதையும் நான் சாப்பிடு, சாப்பிடும், சாப்பிடுங்கோ என்று மூன்று படியாக வைத்துப் பழகினேன். விடுதியை நடத்திய முதலாளியம்மா என்னோடு கதைத்தது நடுப்படியில். அதனால்தான் இன்றைக்கும் அவர் என்னை 'நீர்' என்று சொல்வதாகவே கேட்கிறது.

அம்மாவுக்கும் இது பிடித்துப்போனது. நான் கூப்பிடுவதற்கு முன்பே அவர் கூப்பிடத் தொடங்கினார். "பெரிய ஆக்களை உள்ளுக்கை வரச் சொல்லேக்கை என்னெண்டு சொல்லுவியள்?" என்று கேட்பேன். அம்மா யோசித்து ஒரு நல்ல வசனம் சொல்வார். நான் அதை யப்பானிய மொழியில் ஏற்றிப் பார்ப்பேன். எல்லாம் பொருந்தவில்லை. ஆனால் ஆங்கிலத்திலிருந்து போனால் மலையைச் சுற்றிப் போக வேண்டும், தமிழிலிருந்து போனால் ஒரு பாலம் இருந்தது. அப்பா பின்னால் நடந்துபோவார், எங்களோடு கதைக்க மாட்டார், ஆனால் ரீவீச் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்.

தை மாதத்தில் பெரிய பனி கொட்டியது. மலையில் ஏறுகிற வீதியைப் பின்னேரத்துக்குள் மூடிவிடுவார்கள் என்று செய்தி வந்தது. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த முதியவர்கள் ஒரு கூட்டம் அதற்கு முன்பே பஸ்ஸில் வந்து சேர்ந்துவிட்டார்கள். முன்பக்கத்தில் வேலை செய்கிற பெண்கள் கீழே பக்கத்து ஊரில் இருப்பவர்கள். அவர்களால் வர முடியவில்லை. முதலாளியம்மாவுக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை அடைத்து, வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

விருந்து தொடங்குமுன் விடுதித் தலைவி என்ற முறையில் அவர்தான் மண்டபத்தில் முழந்தாளிட்டு வரவேற்புச் சொல்ல வேண்டும். அது அந்த விடுதியில் ஒருநாளும் தவறியதில்லை. அவர் குசினிக்கு வந்து எல்லோரையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பக்கத்தில் வந்து என் காதுக்குள் சொன்னார்: "நீர் சொல்லும்."

பத்து நிமிடம் தாருங்கள் என்று கேட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். பனிக்குள் வந்த வயதானவர்களை வரவேற்க வேண்டும் என்று சொன்னேன். அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "கால் வைக்க ஏலாத பனிக்குள்ளையும் எங்களைத் தேடி வந்திருக்கிறியள். உங்கடை வீடு மாதிரி நினைச்சுக்கொண்டு இருங்கோ" என்றார். பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பயப்பிடாமல் ஆறுதலாச் சொல்லு. அவை பசியோடை இருப்பினம், கனக்கச் சொல்லாதை." நான் லண்டனை விட்டு வந்த பிறகு அவர் எனக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள் அவை.

முதலாளியம்மா தன் கிமோனோ ஒன்றைத் தானே எனக்கு உடுத்திவிட்டார். கதவைத் திறந்து முழந்தாளிட்டு நெற்றி பாயைத் தொடக் குனிந்தேன். நிமிர்ந்தபோது எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. அம்மாவின் வசனத்தை மனதில் பிடித்துக்கொண்டு யப்பானிய மொழியில் சொல்லத் தொடங்கினேன். பனியைப் பற்றிச் சொன்னேன். தலைவிக்குச் சுகமில்லை, அவருக்காக நான் வந்திருக்கிறேன் என்று மன்னிப்புக் கேட்டேன். மரியாதைச் சொற்கள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து விழுந்தன. முடித்துவிட்டுத் திரும்பக் குனிந்தேன். பிறகு கைதட்டல் வந்தது.

முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர், "உமக்கு எந்த ஊர்?" என்று கேட்டார்.

"லண்டன்."

"அதைக் கேக்கேல்லை. யப்பானிலை எந்த ஊர்? நீர் கதைக்கிறதிலை இந்த மலைப்பக்கத்து இழுவை இருக்கு."

மண்டபமே சிரித்தது. குசினியில் சமையற்காரரிடமிருந்து ஒட்டிக்கொண்ட இழுவை அது. கதவுக்குப் பின்னால் அவர் சிரித்த சத்தம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது.

அடுத்த நாள் காலை குசினிக்குப் போனேன். முதலாளியம்மா என்னை மறித்து, கையால் வாசலைக் காட்டினார். விசா முடியும்வரை நான் அந்த வாசலில்தான் நின்றேன். யப்பானைப் பார்க்க வந்தவர்கள் ஒருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. அடுத்த குளிர்காலத்துக்கு அந்த முதியவர்கள் இடம் பதிவு செய்தபோது, மலையூர் லண்டன்காரி நிற்பாரா என்று கேட்டார்களாம்.

லண்டனுக்குத் திரும்பி வந்து, யப்பானுக்கு ஆட்களை அனுப்புகிற ஒரு சுற்றுலா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நேர்முகத்தில் பாதியை யப்பானிய மொழியிலேயே நடத்தினார்கள். அதற்குள் அம்மா என் கதையைக் குட்மேய்ஸ் முழுக்கப் பரப்பியிருந்தார். ஒரு நாள் கடையில் ஒரு தாய் என்னை மறித்தார். "என்ரை பிள்ளையள் ஒரே யப்பான் கார்ட்டூன். தமிழிலை ஒரு சொல்லு வராது. நீர் தமிழாலை யப்பான் மொழி படிச்சனீராமே. அப்பிடி இவைக்கும் சொல்லிக் குடுக்க ஏலுமோ?"

இப்போது சனிக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் வகுப்பு நடக்கிறது. கோயிலுக்குப் போகிற பிள்ளைகளும் வருகிறார்கள், ஞாயிறு தேவாலயப் பூசைக்குப் போகிற பிள்ளைகளும் வருகிறார்கள். லண்டனின் அந்தப் பக்கம் சவுத்தாலிலிருந்து ரயில் மாறி வருகிற ஒரு பெண்ணும் உண்டு. விதி ஒன்றுதான்: ஆங்கிலத்திலிருந்து யப்பானிய மொழிக்குப் போகக் கூடாது, தமிழ் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்ப் பகுதியை அம்மா எடுக்கிறார். பிள்ளைகள் உட்காரக் கதிரைகள் போதாமல் போன நாளிலிருந்து அப்பா வேளைக்கே போய் மண்டபத்தை ஆயத்தப்படுத்துகிறார்.

போன வசந்தத்தில் முதலாளியம்மா லண்டனுக்கு வந்தார். பாலங்களையும் அரண்மனையையும் விட்டுவிட்டு, நேராக வகுப்பைப் பார்க்க வேண்டும் என்றார். பிள்ளைகள் முன்னால் நின்று, ஒரு சிறுமியின் மடியிலிருந்த பையைக் காட்டி, 'சொரே' என்று தொடங்கி, உது என்ன என்று கேட்டார். அவள் கொஞ்சமும் தடுமாறாமல் 'கொரே' என்று தொடங்கி, இது என்னுடைய பை என்றாள். முதலாளியம்மா அவளுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். விருந்தாளிகளுக்குக் குனிகிற அளவுக்கே குனிந்தார்.

மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. அப்பா என் பக்கம் திரும்பி, "என்ரை மகள் உங்கை எப்பிடி வேலை செய்தவ எண்டு கேள்" என்றார். என்னைப் பற்றி நானே கேட்டு, நானே மொழிபெயர்க்க வேண்டிய நிலை.

"இவ போன பிறகு வாசலுக்கு ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறன், ஒருத்தரும் சரிவரேல்லை" என்றார் முதலாளியம்மா. "இவவின்ரை வகுப்பிலை வளர்ந்த பிள்ளையள் இருந்தால் இரண்டு பேரைத் தாங்கோ. குசினியிலை விடமாட்டன். நேரா வாசலிலைதான்."

நான் சொல்லி முடித்ததும் அப்பா, "திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன். இன்னொரு முறையும் சொல்லச் சொன்னார்.

இந்தக் குளிர்காலம் சவுத்தால் பெண்ணும் வகுப்பில் படித்த இன்னொருத்தியும் அந்த விடுதிக்குப் போயிருக்கிறார்கள். இருவரையும் விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது அப்பா. வழி முழுக்க யப்பானைப் பற்றி அவர்தான் கதைத்துக்கொண்டு போனாராம், போய் வந்தவர் மாதிரி.