இரண்டு மூடியா, பதினெட்டு மூடியா

12÷2(1+2) மூடி.

எருக்கலம்பிட்டியிலிருந்து வந்து எங்கள் கரையில் பைபர் படகு ஒட்டித் தருகிற தொழில்காரர், நாங்கள் பாஸ் என்று கூப்பிடுகிறவர், அக்கா மகளின் நிக்காஹ்வுக்குப் புத்தளம் போன இடத்திலிருந்து என் மச்சானின் போனுக்கு அனுப்பிய செய்தி இவ்வளவுதான். மச்சான் என்றது என் தங்கச்சியின் புருஷனை. அவனுடைய ஒரே படகு கல்லில் ஏறி, அடி கிழிந்து, கரையில் கவிழ்ந்து கிடந்தது. நண்டு படுகிற காலம். அது சில கிழமைக்கு மேல் நில்லாது. படகு கவிழ்ந்து கிடக்கும் வரைக்கும் அவன் மற்றவர்களின் நண்டை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பன்னிரண்டு கிலோ ரெசின் வாங்கி வைத்திருந்தான். ரெசின் என்பது தேன் மாதிரி ஒரு பசை. ஹார்ட்னர் என்கிற தண்ணி அளவாக விழுந்தால்தான் அது கல்லாகும். குறைந்தால் இறுகாது. கூடினால் வாளிக்குள்ளேயே கொதித்துப் புகையும். அந்த அளவைத்தான் போத்தல் மூடிக் கணக்கில் பாஸ் அனுப்பியிருந்தார்.

பாஸுக்கு எடுத்தால் போன் அடித்து ஓய்ந்தது. கணக்கை என் போனில் அப்படியே தட்டிப் பார்த்தேன். பதினெட்டு என்றது. அந்த நேரம் பார்த்து, பென்சன் எடுத்த கணக்கு மாஸ்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு மூடி," என்றார், சைக்கிளை நிறுத்த முந்தியே.

"போன் பதினெட்டு எண்டெல்லோ சொல்லுது, மாஸ்டர்."

"போன் எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சது? அடைப்புக்குறியோட ஒட்டிக்கொண்டு நிக்கிற ரெண்டு, அதுக்குத்தான் சொந்தம். முதல்ல ரெண்டையும் மூண்டையும் பெருக்கு. ஆறு. பன்னிரண்டை ஆறால பிரி. ரெண்டு!" சட்டைப் பையிலிருந்து பழைய கல்குலேட்டரை எடுத்துத் தட்டினார். அதுவும் கூசாமல் இரண்டு என்றது.

என் போனோ இடப் பக்கத்திலிருந்து நடக்கிறது. பன்னிரண்டை இரண்டால் பிரித்து ஆறு, ஆறை மூன்றால் பெருக்கிப் பதினெட்டு. இரண்டு மெசினும் தன்னைச் செய்தவன் சொல்லிக்கொடுத்ததை ஒப்புவிக்கின்றன. எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று ஒன்றுக்கும் தெரியாது. இன்னொரு அடைப்புக்குறி போட்டிருந்தால் விரல் தேய்ந்தா போயிருக்கும்? முகநூலிலும் இதே சாதிக் கணக்கைப் போட்டுவிட்டு, பட்டம் பெற்றதுகளெல்லாம் ஒன்றையொன்று மடையன் என்று திட்டுகின்றன. அரைகுறையாக எழுதியவனை மட்டும் ஒருத்தரும் திட்டுவதில்லை.

தங்கச்சி குசினிக்குள் இருந்து கத்தினாள்: "அந்த மனுசன் பின்னேரம் போன் எடுப்பார்தானே. அதுமட்டும் பொறுங்கோவன்!"

"பொறுத்தா நாளைக்கும் கரையிலதான்," என்றான் மச்சான். என்னைப் பார்த்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மாஸ்டரைப் பார்த்தான். முடிவெடுத்துவிட்டான். ஒரு சிரட்டைக்குள் கொஞ்சம் கலந்து, இறுகுகிறதா என்று பார்க்கலாமே என்று என் வாய் வரைக்கும் வந்தது. படித்த மனிதருக்கு முன்னால் எதற்கு என்று விழுங்கினேன். அந்த வெட்கங்கெட்ட மரியாதையும் இந்தக் கதையில் ஒரு பங்காளி.

பன்னிரண்டு கிலோவுக்கும் இரண்டே மூடி. கலந்து, கண்ணாடி இழைப் பாய் வைத்து, அடி முழுக்கப் பூசினோம். மத்தியானம் தொட்டால் ஒட்டியது. பின்னேரமும் ஒட்டியது. மணலும், மொய்க்க வந்த இலையானும் தாராளமாக ஒட்டிக்கொண்டன.

அப்போதுதான் பாஸ் போனை எடுத்தார். பின்னால் கலியாண வீட்டுச் சத்தம். "ரெண்டு கிலோ ரெண்டு கிலோவாக் கலக்கணும். ஒவ்வொண்டுக்கும் ஒரு மூடி, குளிருக்கு இன்னும் ரெண்டு. ஆறு தரம், மூணு மூணா, பதினெட்டு. வடிவாத்தானே எழுதி அனுப்பினேன்!"

மாஸ்டர் போனைப் பறித்தார். "அப்ப நீர் அடைப்புக்குறியைப் பிழையாப் போட்டிருக்கிறீர்."

"நான் படகு ஒட்டுறவன் சேர். பேப்பர் திருத்துறவன் இல்ல."

மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பி, கொஞ்சமும் குரல் தாழாமல் சொன்னார்: "என்ர விடை சரி."

மச்சான் பிசுபிசுத்த கையைப் படகிலிருந்து பிய்த்து எடுத்தான். "அப்ப உங்கட விடையில ஏறி நண்டுக்குப் போங்கோ, மாஸ்டர்."

அவ்வளவையும் சுரண்டி எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கிழமைக்கு மேல் பிடித்தது. பிறகு புது ரெசினுக்கு டவுனுக்கு அலைந்தோம். பாஸ் வந்து, மூன்று மூன்று மூடியாக வாயால் சொல்லிச் சொல்லி ஊற்றினார். அது சொன்னபடி இறுகியது. படகு தண்ணீரில் இறங்கிய காலை, பக்கத்துப் படகுக்காரர்கள் நண்டு வலையைக் கழுவிக் கட்டி, மீன் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே தன் நண்டு வலையைத்தான் ஏற்றினான். வேறு வலை அவனிடம் இல்லை.