குகைக்குள் அறுந்த நூல்

முனிரத்தினம் இன்று காலை போய்விட்டார். அவருடைய மகன் போன் செய்து சொன்னார்... தூக்கத்திலேயே.

பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் சொல்ல வேண்டியதை முதலில் எண் போட்டு எழுதிக்கொள்கிறேன்.

1. போர்க்காலத்தில் நாங்கள் இருவரும் காட்டுக்குள் போனது ஏன்.
2. குகைக்குள் நூல் அறுந்தது.
3. அந்த நூலில் முடிச்சுப் போட்டது முனிரத்தினம்தான் என்பது.
4. அவருடைய அண்ணி.

முனிரத்தினம் அம்மையார்குப்பத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை. திருத்தணியில் படித்தபோது எனக்குப் பக்கத்து பெஞ்ச், பின்னால் அரக்கோணத்தில் ஒரே ஆபீஸ்.

நாற்பதுகளின் தொடக்கம். நூல் கிடைக்காமல் தறிகள் நின்றிருந்தன. அவருடைய அண்ணன் மாணிக்கம், ஆர்.கே.பேட்டைக்கு மேற்கே இருந்த ரிசர்வ் காட்டுக்கு விறகு வெட்டப் போனார்... திரும்பவில்லை.

மாதங்கள் போயின. அடுத்த அமாவாசைக்குள் கருமாதி செய்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். செய்தால் அண்ணியின் தாலியைக் கழற்றிவிடுவார்கள். அவருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

அதற்குள் ஒருமுறை தேடிவிட வேண்டும் என்று முனிரத்தினம் என்னைக் கூப்பிட்டார்.

"நீ வாடா சாமு. நீ பயந்தாங்கொள்ளி, பாத்துப் பாத்து நடப்பே. தைரியசாலிய இட்டுகினு போனா ரெண்டு பேரும் குழிலதான் கெடப்போம்."

குழி என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. அந்த மலைக்காட்டில் தரை திடீரென்று உள்வாங்கிய பள்ளங்கள் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் புதர்போல் இருக்கும். கிட்டே போனால்தான் அது ஆழத்தில் நிற்கும் மரத்தின் உச்சி என்று தெரியும்.

ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பிலும் படுத்துக்கொண்டு "அண்ணா" என்று கூப்பிட்டார். எதிரொலிகூட வரவில்லை.

அந்த இடத்தில் பறவைச் சத்தமும் இல்லை.

பள்ளங்களைத் தாண்டி ஒரு குகை. உச்சி வெயிலில் அதன் வாயிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது... விட்டு விட்டு, யாரோ மூச்சு விடுவதுபோல.

அண்ணன் தறிக்கென்று எடுத்து வைத்திருந்த கடைசி நூலைக் கொண்டு போயிருந்தோம். முடிச்சு இருந்தால் பாறையில் சிக்கும் என்று, முந்தின நாளே முழுவதையும் விரலால் தடவிப் பார்த்து ஒரு குச்சியில் சுற்றி வைத்திருந்தேன். ஒரு முடிச்சும் இல்லை.

நூலின் நுனியை வாசலில் ஒரு வேரில் கட்டினோம். அரிக்கேன் விளக்கோடு அவர் முன்னால், நூலை விட்டுக்கொண்டே நான் பின்னால்.

வழி பல பக்கம் பிரிந்தது. வெகுதூரம் போனபின் கிருஷ்ணாயில் தீர்ந்து விளக்கு அணைந்தது. திரும்பலாம் என்று நூலை இழுத்தேன். தளர்ந்து வந்தது... வந்துகொண்டே இருந்தது.

"அறுந்துடுச்சு" என்றேன்.

"இழுக்காத. அப்டியே நில்லு."

நின்றோம். எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். அப்போது நூல் என் விரலில் மெல்ல இறுகியது. மறுமுனையை யாரோ இழுத்துப் பிடித்ததுபோல.

"நீ இழுக்கிறியா?" என்று கேட்டேன்.

"நான் உம் பின்னாடி கீறேன்டா."

நூலைத் தடவிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அவர் இரண்டு கைகளையும் என் தோள்மேல் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். பாதி வழியில் விரலில் ஏதோ தடித்து நெருடியது. மண்ணாக இருக்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை.

வெளியே யாரும் இல்லை.

நான் ஓடைக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்தபோது அவர் நூலைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்க பாரு சாமு. அறுந்த எடத்துல முடிச்சுப் போட்டு கீது. பீச்சாங்கை முடிச்சு. எங்க வூட்ல அண்ணன் ஒருத்தருக்குத்தான் பீச்சாங்கைப் பழக்கம்."

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் நூலை நீட்டினார். "கருமாதி வாணாம் நைனா. அண்ணன் கீறாரு."

அவருடைய அப்பா முடிச்சை விரலால் உருட்டிப் பார்த்தார். அதன்பிறகு அந்த வீட்டில் கருமாதிப் பேச்சே எழவில்லை.

நான் ஓடைக்குப் போன நேரத்தில் முனிரத்தினமே அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டிருப்பார், அண்ணிக்காக... இப்படித்தான் இத்தனை வருடமும் நம்பினேன். இதற்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

ஒருமுறை அரக்கோணம் ரயிலில் கேட்டும்விட்டேன். "நீதானே போட்டே?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் போட்டிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன்டா."

மழுப்புகிறார் என்றுதான் நினைத்தேன்.

மாணிக்கம் வரவே இல்லை. பின்னால் முனிரத்தினம் திருத்தணியில் குடியேறியபோது அண்ணியும் வந்து அவர் குடும்பத்தோடு இருந்தார். கிருத்திகை தவறாமல் பூ வைத்துக்கொண்டு மலையேறுவார்.

"புருசன் காட்டுல, பூவு கொண்டையில" என்று குழாயடியில் ஒருத்தி பாடினாள்.

"உம் புருசன் வூட்லதான கீறான்? உந்தலைல பூவக் காணோமே?" என்றார் அண்ணி. குழாயடியே சிரித்தது.

அண்ணி கண்ணை மூடியபோதும் நெற்றியில் குங்குமம் இருந்தது.

நாளை மதியம் எடுக்கிறார்கள். என் காலுக்குத் திருத்தணி இப்போது ரொம்ப தூரம்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், ரத்தினம்.

போஸ்ட் செய்வதற்கு முன் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். இதையெல்லாம் இப்படி வரிசையாக எழுதியது இதுதான் முதல் தடவை...

மூன்றாவது பாயிண்ட் தவறு. இருட்டில் என் விரலில் நெருடியது அந்த முடிச்சுதான். அப்போது முனிரத்தினத்தின் இரண்டு கைகளும் என் தோள்மேல் இருந்தன.