ஒருவர் போட்டால் ஒருவர் நிற்க வேண்டும்

வீரம்மா ஊசிக்குப் பயந்து செத்தாள் என்று எங்கள் லயத்து வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளா பயந்தவள்? தேயிலைக் கொழுந்து பறிக்கிற இடத்தில் யானை இறங்கினால், எல்லோரும் ஓடிய பிறகுதான் அவள் நகர்வாள். அவள் பயப்படவில்லை. கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கு தப்பாகிவிட்டது.

பந்தலூர்ப் பக்கம் இந்த எஸ்டேட்டில் பாதிக்கு மேல் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள். வீரம்மாவின் அப்பா இந்தியாவுக்கே போகிறேன் என்று அங்கே எழுதிக் கொடுத்தபோது, அவள் சித்தப்பா வேண்டுமென்றே அங்கே தங்கினார். எந்தப் பக்கம் கெட்டாலும் மறுபக்கம் ஒரு வீடு இருக்கட்டும் என்று அண்ணனும் தம்பியும் பேசி வைத்த ஏற்பாடு. எண்பத்து மூன்று கலவரத்தில் சித்தப்பா வீடு எரிந்தது. அவர் பிள்ளைகள் உயிரோடு வந்து சேர்ந்தது இங்கே, பெரியப்பா வீட்டில்தான். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் அது சட்டம் மாதிரி. கல்யாணத்துக்குப் போனால்கூட எல்லோரும் ஒரே ஜீப்பில் ஏற மாட்டார்கள்.

வீரம்மாவுக்கும் ஒச்சப்பனுக்கும் ஒரே மகள், சசிரேகா. பிறக்கும்போதே மூளை பாதித்த பிள்ளை. இருபது வயது தாண்டியும் உட்கார வராது, பேச வராது. அம்மா கையால் மட்டும்தான் சாப்பிடுவாள். கன்னத்தின் ஓரமாகக் கஞ்சியை விட்டு, தொண்டையைத் தடவி, விழுங்கிவிட்டாளா என்று பார்த்துத்தான் அடுத்த வாய். வேறு யார் ஊட்டினாலும் வாயை மூடிக்கொள்வாள்.

கொரோனா இரண்டாவது அலையின்போது, காலையில் ஆள் கூடுகிற பிரட்டுக்களத்துக்கே தடுப்பூசி வந்தது. நர்ஸ் லீலாவதி கோயம்புத்தூர்க்காரர், பொறுமைசாலி.

"போட்டுக்குங்க அக்கா. ஊசிக்கு ரெண்டு நாள் காய்ச்சல் வரும், அவ்வளவுதானுங்க. நோய் வந்தாத்தான் ஆபத்து" என்றார்.

வீரம்மா புருஷனை ஒதுக்குப்புறமாக இழுத்துப் போனாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணா போட வேணாம். நீங்க போட்டுக்குங்க, நான் நிக்கிறேன்."

ஒச்சப்பன் சிரித்தான். "அப்ப எனக்கு ஏதாச்சும் ஆனா பரவால்லயாக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஆனா புள்ளய நான் பாத்துக்குவேன். எனக்கு ஆனா நீங்க பாப்பீங்களா?"

அவன் போய்ப் போட்டுக்கொண்டான்.

எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. நோய் வந்தாலும் வரும், வராமலும் போகும். ஊசி நாமே போய் வாங்கிக்கொள்வது என்று அவள் சொன்னாள். இரண்டு நாள் ஒச்சப்பன் காய்ச்சலில் சுருண்டு கிடந்ததும், தான் நினைத்தது சரிதான் என்று முடிவு கட்டிவிட்டாள். இரண்டாவது ஊசிக்கும் அவனை மட்டுமே அனுப்பினாள். வீட்டில் முக்கியமான ஆளைப் பத்திரமாக வைத்திருப்பதாக நம்பினாள். உண்மையில் அந்த ஆளைத்தான் வெட்டவெளியில் நிறுத்தியிருந்தாள்.

அடுத்த அலையில், ஒச்சப்பன் வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரியில் நாலைந்து பேருக்குப் பரவியது. அங்கிருந்து அவன் லேசான இருமலோடு வந்தான். அவனுக்குக் கஷாயத்திலேயே சரியாகிவிட்டது. பின்னாலேயே வீரம்மா படுத்தாள். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகும், புள்ளைக்கு யார் ஊட்டுவது என்று ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்றாள். நாங்கள் தூக்கித்தான் வண்டியில் ஏற்றினோம். முதலில் கூடலூர், அங்கிருந்து ஊட்டி. வண்டிக்குள் படுத்துக்கொண்டு, "கன்னத்தோரமா விடுங்க, தலைய நிமித்தாதீங்க" என்று ஒச்சப்பனிடம் மூச்சு முட்டச் சொல்லிக்கொண்டே போனாள். திரும்பி வரவில்லை.

அடுத்த மாதம் சசிரேகாவுக்கு ஊசி போட லீலாவதி லயத்துக்கு வந்தார். பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தாள். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நர்ஸ் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊசி போட்டு முடித்ததும் ஒச்சப்பன் தன் சட்டைக் கையையும் மடித்தான்.

"எனக்கும் ஒண்ணு போடுங்கம்மா."

"உங்களுக்குத்தான் ரெண்டும் போட்டாச்சுங்களே. இப்பத்திக்குப் போதுமுங்க."

"அப்ப எனக்கு இனி ஒண்ணும் ஆகாதா?"

"அப்படி யாரும் சத்தியம் பண்ண முடியாதுங்க அண்ணா."

"ஆகக் கூடாதும்மா" என்றான் ஒச்சப்பன். "எனக்குப் பின்னால ஆளில்ல."

மடித்த சட்டைக் கையை இறக்காமலே கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தான். சசிரேகா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.