மூச்சை நிறுத்தச் சொன்ன ஊர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். பக்கத்து இருக்கையில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு என்பதால் பழகினவர்களுக்கெல்லாம் பிரேக்கம்மா. எதிரே லாரி வந்தாலும் குரல் உயராத பெண் என்று பெயர் எடுத்தவள்.

அப்படிப்பட்டவள் அன்று டாக்டரின் அறையில் இல்லாத பிரேக்கைத் தேடிக் காலால் தரையை அழுத்தினாள். குடலில் வந்த புற்றுநோயை அறுத்தெடுத்து, மருந்தெல்லாம் ஏற்றி முடித்து, கண்டம் கழிந்தது என்று வீடே நிம்மதியாக இருந்த நேரம். இப்போது கல்லீரலின் உச்சியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"மறுபடி அறுத்தா உங்க இதயம் தாங்காதும்மா," என்றார் டாக்டர். "வெளியிலிருந்தே ஒரு ஊசியை உள்ள விட்டு, நுனியில சூடு கொடுத்துக் கட்டியைப் பொசுக்கிடலாம். பெரிய காயம் கிடையாது. ஆனா இது நுரையீரலை ஒட்டின இடம். அந்த இடத்துல இங்க நாங்க செஞ்சதில்ல. வெளிநாட்டுல செய்றாங்க."

"பொசுக்குறதா?" என்றாள். மற்றதெல்லாம் காதில் ஏறவேயில்லை.

மகள் ஸ்கேன் படங்களை இரண்டு வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு அனுப்பினாள். ஒன்றிலிருந்து உடனே பதில் வந்தது. கடற்கரைப் படங்களோடு, ஒரே நாளில் பூரண குணம் என்று. இன்னொன்றிலிருந்து கேள்விமேல் கேள்வி. பழைய ஸ்கேன் எங்கே, இதயம் எப்படி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று துருவி எடுத்துவிட்டு, அந்த ஊர் டாக்டர் வீடியோவில் வந்தார். அங்கேயே குடியிருக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி அவர் பேசுவதை மொழிபெயர்த்துச் சொன்னாள்.

"ரத்தம் கசியலாமாம். நுரையீரலைச் சுத்திக் காத்து சேரலாமாம். இந்தக் கட்டி போனாலும் வேற இடத்துல வராதுன்னு சொல்ல முடியாதாம். ஊருக்குத் திரும்பின பிறகு உங்களை யாரு பார்த்துப்பாங்க, அதை முதல்ல முடிவு பண்ணிட்டு வாங்கன்னு சொல்றாருக்கா."

ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இந்த ஆள் வேண்டாம். முதல் இடத்துக்கே போவோம்."

"பயமுறுத்துறவர்கிட்டயே போவோங்க," என்றாள். "இனிக்க இனிக்கப் பேசுறவங்க எதை மறைக்கிறாங்களோ?" பிறகு மெல்லக் கேட்டாள்: "அங்கேயே ஏதாவது ஆயிட்டா என்னை எப்படிக் கொண்டு வருவீங்க?"

"வாயக் கழுவு," என்று எழுந்து பட்டறைக்குப் போனவர், திறந்து கிடந்த ஒரு ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

அவள் திரும்பி வந்ததும் தானே பார்த்துக்கொள்வதாக உள்ளூர் டாக்டர் சொன்னார். புருஷனும் பெண்டாட்டியும் விமானம் ஏறினார்கள்.

முழு மயக்கம் அவள் இதயத்துக்கு ஆகாது என்று அரைமயக்கம்தான் கொடுத்தார்கள். ஊசி நகரும்போது மூச்சு நகரக்கூடாது. "எக்ஸ்ரே கதிர் படுற அறை, நான் உள்ள வர முடியாது," என்றாள் மொழிபெயர்க்கும் பெண். "வெளியிலிருந்து ஸ்பீக்கர்ல சொல்றேன். பிடிங்கன்னா பிடிங்க, விடுங்கன்னா விடுங்க. நடுவுல மட்டும் இருமிடாதீங்க."

அதைக் கேட்டதிலிருந்து தொண்டையில் நமநமவென்று இருந்தது.

ஸ்கேன் இயந்திரத்தின் வாயில் மல்லாந்து கிடந்தாள். விலா எலும்புகளுக்கிடையே மரத்துப்போன இடத்தில் ஏதோ அழுத்தியது. "பிடிங்கக்கா," என்றது ஸ்பீக்கர். பிடித்தாள். ஊசி இறங்கியது. டாக்டர் தன் மொழியில் ஏதோ சொன்னார். ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை.

டாக்டர் மறுபடியும் அதே சொல்லைச் சொன்னார், இந்த முறை சத்தமாக. விடச் சொல்கிறாரா, விடாதே என்கிறாரா? விட்டால் ஊசி நுரையீரலைக் கிழித்துவிடுமோ? முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை. நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. கண்ணோரம் இருட்டிக்கொண்டு வந்தது. இதோ முடிந்தது, ஒரு சொல் புரியாமல் சாகப்போகிறோம் என்று நினைத்தாள். அப்போதும் மூச்சை விடவில்லை.

யாரோ அவள் தோளைத் தட்டினார்கள். டாக்டர் குனிந்து, தன் மார்பை உப்பவைத்து, புஸ்ஸென்று காற்றை ஊதிக் காட்டினார். அவளும் விட்டாள். கண்ணீரும் கூடவே வந்தது.

"மைக் செத்துப்போச்சுக்கா, மன்னிச்சுடுங்க!" என்று ஸ்பீக்கர் திரும்ப அலறியபோது பாதி வேலை முடிந்திருந்தது. சூடு வைத்தபோது வலி விலாவில் வராமல் தோள்பட்டையில் வந்தது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. அதற்கும் பயந்தாள்.

மருத்துவமனையை விட்டு விடுதி அறைக்கு வந்த மறுநாள் சாயங்காலம் உடம்பு தூக்கிப்போட்டது. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. கணவர் போர்வையை எடுக்கிறார், தண்ணீர் கொட்டுகிறார், போனைத் தலைகீழாகப் பிடித்துப் பேசுகிறார். "சீழ் பிடிச்சிருக்குமோ? ஐயோ, நான்தான் கூட்டிட்டு வந்து..."

"நான்தாங்க கூட்டிட்டு வந்தேன்," என்றாள் பல் கிட்டிக்க.

மறுபடி மருத்துவமனைக்கு ஓடினார்கள், அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தொற்று இல்லை. வெந்த சதையை உடம்பு அப்புறப்படுத்தும்போது வரும் காய்ச்சலாம். ஆனாலும் காய்ச்சல் இறங்கும்வரை கணவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி இருந்த இடம் கறுத்துக் கிடந்தது. "முழுசா செத்துடுச்சும்மா," என்றார் உள்ளூர் டாக்டர். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துட்டே இருக்கணும்."

கணவர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவள் மறுபடி வேலைக்குப் போனாள். ஆனால் விலாப்பக்கம் லேசாகச் சுருக்கென்றாலும், கற்றுக்கொள்பவரைச் சாலையோரம் ஒதுங்கச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அடுத்த ஸ்கேனுக்கு இருவரும் வராந்தாவில் காத்திருந்தார்கள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார் கணவர்.

"இருக்கு. உங்களுக்கு?"

"எனக்கா? வர்றதுக்குள்ளயே ரெண்டு தடவை பாத்ரூம் போயிட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். உள்ளே கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றி அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.