வாப்பாவின் குரலும் சாச்சாவின் சிடியும்

அதிராம்பட்டினத்தில் எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டியிருப்பார்கள். எங்கள் வாப்பா துபாயில் இருந்தார். கேசட்டில் பேசி அனுப்பும் காலம் முடிந்து, சிடி கொடுத்தனுப்பும் காலம் வந்திருந்தது. வாப்பா பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். நாங்கள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வோம். உம்மாவும் வெள்ளிக்கிழமைதோறும் மைக்கின் முன் உட்கார்ந்து பேசி, அடுத்து விமானம் ஏறுகிறவரிடம் சேர்த்துவிடுவார். கைப்பிள்ளையாக இருந்தபோது வாப்பாவைப் பார்த்த என் தம்பிக்கு, வாப்பா என்றால் அந்தக் கம்ப்யூட்டர்தான். சோறு உண்ண அடம்பிடித்தால் வாப்பாவைப் போட்டுவிடுவோம்.

என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த சாச்சா, வாப்பாவின் தம்பி, விடுமுறைக்கு வரும்போது ஒரு சிடியோடு வந்தார். விண்டோஸ் போலவே லினக்ஸ் என்று இன்னொன்று இருக்கிறதாம், அதை எங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். உம்மா நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். பயம் நியாயமானது. முந்தைய விடுமுறையில் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரைச் சாச்சா சரிசெய்யப் போய், அவர்களுடைய கல்யாண வீடியோ மொத்தமாகக் காணாமல் போயிருந்தது.

“இதுல அவங்க குரல் இருக்கு தம்பி. போச்சுன்னா நீயா திருப்பிப் பேசித் தருவே?”

“பழசைத் தொடவே மாட்டேன் மச்சி. இது சிடியிலேருந்தே ஓடும். பாத்துட்டு சிடிய வெளிய எடுத்துட்டா, எல்லாம் இருந்தபடியே இருக்கும்” என்றார் சாச்சா. அண்ணியை அவர் மச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அரைமனதாக உம்மா எழுந்தார். சாச்சா சிடியைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தார். கறுப்புத் திரையில் எழுத்தாக ஓடி, கடைசியில் நீலமாக ஒரு திரை வந்து நின்றது. எங்களுக்குப் பழக்கமான எதுவும் அதில் இல்லை. வாப்பாவையும் காணோம். உம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சாச்சா மட்டும் பதறாமல் எங்கெங்கோ அழுத்தி, வாப்பாவின் குரல்களை வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினார். ஒன்றுகூடக் குறையவில்லை. சொல்லப்போனால் ஒன்று கூடியிருந்தது. அதற்குள்ளேயே நாங்கள் பார்த்திராத இன்னொரு ஃபோல்டர் இருந்தது.

விண்டோஸில் அதை யாரோ கண்ணில் படாதபடி மறைத்து வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த லினக்ஸுக்கு அந்த ரகசியமெல்லாம் தெரியாது. இருப்பதை எல்லாம் வரிசையாகக் காட்டிவிட்டது. உம்மா “அது வேணாம்” என்று சொல்லி முடிப்பதற்குள் சாச்சா அழுத்திவிட்டார்.

வந்தது உம்மாவின் குரல்.

“இது வரைக்கும் சம்பாதிச்சது போதுங்க. மாடி கட்ட வேணாம், ஒண்ணும் வேணாம். வந்துடுங்க. சின்னவன் இந்தப் பெட்டியத்தான் வாப்பாங்கிறான்…”

அதற்கு மேல் பேச்சு வரவில்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. சாச்சா அவசரமாக நிறுத்தினார். யாரையும் பார்க்காமல் சிடியை வெளியே எடுத்து, மறுபடி ரீஸ்டார்ட் செய்தார். சொன்ன சொல் தவறவில்லை. பழைய திரை வந்தது, வாப்பாவின் குரல்கள் அப்படியே இருந்தன, அந்த ஃபோல்டர் மட்டும் கண்ணில் படவில்லை. அதை மறைக்கும் வித்தையை உம்மா யாரிடம் கற்றார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

“அத ஏன் உம்மா வாப்பாவுக்கு அனுப்பல?” என்று கேட்டேன்.

“சரியா வரல புள்ள. அதான் வச்சுட்டேன்.”

நம்பிவிட்டேன். எனக்கும் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கும்போது நடுவில் தொண்டை அடைத்துக்கொள்ளும். டீச்சர் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வார். அடுத்த வெள்ளிக்கிழமை உம்மா பதிய உட்கார்ந்தபோது, யாரும் சொல்லாமலே ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோய் மைக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். உம்மா என்னைப் பார்த்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, “நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம், எங்களப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க” என்று எங்கும் தடுமாறாமல் பேசி முடித்தார். முதல் தடவையே சரியாக வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.