டீச்சர் வீட்டு டப்பாவுக்கு நீலம் அடித்தது

எங்கள் அடுப்படி அலமாரியில் ஏழெட்டு எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தன. அதில் ஒன்று எங்களுடையது அல்ல. அடுத்த வீட்டு டீச்சருடையது. ஈஸ்டருக்கு அதில் கேக் வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். கேக்கை அன்றைக்கே தின்று முடித்தோம். டப்பா மட்டும் தங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில், வீட்டுக்கு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது. என் மனைவி எதைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் பலாமரச் சண்டை வந்தது.

மரம் எங்களுடையது. அதன் கிளை ஒன்று மதிலைத் தாண்டி டீச்சர் வீட்டு மாடியில் சருகு கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணி போற குழாய் அடைக்கிறது என்றார் டீச்சர். "எலை விழுந்தா மரத்துக்கிட்டச் சொல்லுங்க டீச்சர், நான் என்ன உலுக்கியா விடுறேன்?" என்றாள் என் மனைவி. வேடிக்கையாகத்தான் சொன்னாள். வேடிக்கை மதிலைத் தாண்டும்போது எங்கேயோ விழுந்துவிட்டது. நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் கிளையைக் காணோம். பிஞ்சோடு வெட்டியிருந்தார்கள். பேச்சு நின்றது.

அதுவரை மனைவியும் டீச்சரும் தினமும் சாயங்காலம் மதிலுக்கு இரு பக்கமும் நின்று பேசுவார்கள். சண்டைக்குப் பிறகு அந்தப் பேச்சு முழுவதும் என் பக்கம் திரும்பியது. எனக்கு டீச்சர் மாதிரி சரியான இடத்தில் "அப்புறம்?" என்று கேட்க வராது. மனைவி பாதியிலேயே நிறுத்திவிட்டு, "ஒங்ககிட்டச் சொல்றதுக்குச் சும்மா இருக்கலாம்" என்று எழுந்து போய்விடுவாள்.

தீபாவளியன்று காலையில் அவள் அதிரசம் சுட்டு டீச்சர் டப்பாவை நிரப்பி மூடி வாசலருகே வைத்ததை நான் பார்த்தேன். சாயங்காலம் டப்பா திரும்ப உள்ளே வந்தது. அதிரசத்தை நாங்களே தின்றோம். நல்ல அதிரசம்.

இந்த நிலையில்தான் எனக்கு சாக் பெயிண்ட் அறிமுகமானது.

நான் ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவன். பஸ்ஸில் படிப்பதற்கென்று பையில் எப்போதும் ஒரு கனமான புத்தகம் வைத்திருப்பேன். அது பையிலேயே இருக்கும். நான் போனைப் பார்த்துக்கொண்டு வருவேன். ஒருநாள் ஏதோ ஒரு குளிர்நாட்டுப் பெண்மணி தன் வீட்டு டப்பாக்களுக்கு சாக் பெயிண்ட் அடிக்கும் வீடியோ வந்தது. சுண்ணக்கட்டித் தூள் கலந்த, துளியும் பளபளப்பில்லாத பெயிண்ட். காய்ந்ததும் டப்பா கரும்பலகை துடைத்த துணி மாதிரி மங்கி, நூறு வருடப் பழசாகத் தெரிந்தது. அதைப் பார்த்து அந்தம்மாள் விட்ட பெருமூச்சில் அவ்வளவு நிம்மதி. பழசாகத் தெரிவதற்கு நான் இந்த ஐம்பத்திரண்டு வயதில் தனியாகச் சிரமம் எதுவும் எடுத்ததில்லை. ஆனால் அந்த நிம்மதி எனக்கும் வேண்டும் போலிருந்தது.

கீழராஜ வீதியில் ஒரு பெயிண்ட் கடையில் ஏறிக் கேட்டேன்.

"சாக்பீஸ்னா ஸ்டேஷனரி கடைக்குப் போங்க சார். பெயிண்ட்டுன்னா இங்கிட்டு வாங்க" என்றார் கடைக்காரர்.

"ரெண்டும் சேர்ந்தது. பளபளப்பு இருக்கக் கூடாது. அடிச்சதும் பழசு மாதிரித் தெரியணும்."

"நம்ம எதை அடிச்சாலும் நாலு மழையில அப்படித்தான் ஆகும் சார். செவத்துக்கா?"

"டப்பாவுக்கு."

"தகர டப்பாவா?"

"எவர்சில்வர்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல கேட்டீங்களா?" என்றார்.

நான் கேட்கவில்லை. மனைவி அறந்தாங்கியில் தன் தங்கை மகளின் வளைகாப்புக்குப் போயிருந்தாள். சுவருக்கு அடிக்கும் எமல்ஷனில் சாக்பீஸ் தூளைக் கலந்துகொள்ளலாம் என்று இன்னொரு வீடியோ சொன்னது. ஒரு சின்ன டின் வாங்கினேன். நிறத்துக்கு நீலம் என்று எழுதியிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தபோதும் நீலம்தான். சாக்பீஸ் தூள் சேர்ந்ததும் அது நெடுநாள் துவைத்த லுங்கியின் நிறத்துக்கு வந்தது. இதுதான் பழமை என்று எடுத்துக்கொண்டேன்.

பெயிண்ட் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். டப்பாக்களைக் காலி செய்து, பருப்புகளைச் செய்தித்தாளில் கொட்டிவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ஒரு டப்பா ஏற்கெனவே காலியாக இருந்தது. வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அதன் மூடியில் பெயர் வெட்டியிருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் எங்கள் பெயர் இருப்பதே அபூர்வம். எல்லாம் கல்யாணத்துக்குச் செய்தவர்கள் பெயர். மாமா பெயரில் சோறு வடித்து, சித்தப்பா பெயரில் குழம்பு ஊற்றி, இன்னார் என்றே தெரியாத ஒருவர் பெயரில் தண்ணீர் குடித்துத்தான் இத்தனை வருடம் குடித்தனம் நடக்கிறது. இவரும் யாரோ ஒரு சொந்தக்காரர் என்று நினைத்துக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன். பிறகு எல்லாவற்றுக்கும் நீலம் அடித்து, காய்ந்ததும் பருப்புகளைத் திரும்பப் போட்டு அலமாரியில் அடுக்கினேன்.

மனைவி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தாள்.

"ஏங்க, இது என்ன?"

"சாக் பெயிண்ட்."

"எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு எந்த வீடியோவும் பதில் சொல்லியிருக்கவில்லை. "ஒரு பழமையா இருக்கட்டும்னு" என்றேன்.

"இதுல எது துவரம்பருப்பு?"

"தெறந்து பாத்தாத் தெரியும்."

அவள் ஒரு டப்பாவைத் தொட்டாள். விரல் பட்ட இடத்தில் எண்ணெய்த் தடம் விழுந்தது, சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்தால் விழுமே, அந்த மாதிரி. பிறகு வேகமாக ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"டீச்சர் டப்பா எங்க?"

நான் அலமாரியைப் பார்த்தேன். எல்லாம் ஒரே நீலம். இந்த வேலையில் நான் சாதித்தது அந்த ஒற்றுமை ஒன்றுதான்.

அவள் ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். டீச்சர் டப்பாவின் மூடியை இழுத்தால் வராது, திருக வேண்டும். மூன்றாவதிலோ நான்காவதிலோ அகப்பட்டது. குழாயடியில் வைத்துத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். நீலம் அங்கங்கே தோலாக உரிந்தது, மற்ற இடங்களில் பிடிவாதமாக நின்றது. உரிந்த இடத்தில் உப்புத்தாளின் கீறல்கள். பெயரில் முதலெழுத்தும் ஒரு கொம்பும் பாக்கி.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் ஈரக்கையோடு குழாயடியிலேயே உட்கார்ந்தாள்.

"இத்தன மாசமா இதுல ஒரு பொருளைப் போட்டு வைக்கல. வாரா வாரம் தொடச்சுத் தொடச்சு வச்சேன். என்னைக்காச்சும் ஒரு நாளு குடுத்துட்டுப் பேசிறலாம்னு."

"புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துருவோம்."

"புதுசு குடுத்தா என்ன அர்த்தம்? ஒங்க டப்பாவும் வேணாம், ஒங்க ஒறவும் வேணாம்னு அர்த்தம்."

நானும் ஓரமாக உட்கார்ந்தேன்.

அந்த வாரம் கார்த்திகை தீபம். மனைவி பொரி உருண்டை பிடித்தாள். அதை அந்த டப்பாவில் அடுக்கி, மூடியைத் திருகி, என் கையில் கொடுத்தாள்.

"நீ வரலையா?"

"பூசினவரு போய்க் குடுங்க."

டீச்சர் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். "வாங்க சார்" என்றார், பரீட்சைக்குப் பிந்தி வந்தவனை விடுவதுபோல.

"உங்க டப்பா டீச்சர்."

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க டப்பா எவர்சில்வரால்ல இருந்துச்சு?"

"உள்ளுக்குள்ள இன்னும் எவர்சில்வர்தான்."

நகத்தால் சுரண்டினார். கொஞ்சம் நீலம் நகத்தோடு வந்தது. "யாரு அடிச்சது?"

"நான்தான்."

"அவுக வீட்ல இல்லையா அன்னைக்கு?"

"அறந்தாங்கி போயிருந்தா."

"அதானே பாத்தேன்" என்றார் டீச்சர். பிறகு என்னைத் தாண்டிக்கொண்டு, டப்பாவோடு நேராக மதிலருகே போனார்.

"ஏம்மா! இங்கிட்டு வாம்மா. இந்த மனுசனத் தனியா விட்டுட்டு எந்தத் தைரியத்துல ஊருக்குப் போன?"

மனைவி மதிலுக்கு அந்தப் பக்கம் தயாராக நின்றிருக்க வேண்டும். தலை உடனே தெரிந்தது.

"ரெண்டு நாளுதான் டீச்சர் போனேன்! வந்து பாக்குறேன், அடுப்படியே சுடுகாட்டு மண்டபம் மாதிரிக் கெடக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எது பருப்பு எது உப்புன்னு தெரியல. தெறந்து பாத்தாத் தெரியுமாம்."

"படிச்சவுகளே இப்படித்தாம்மா. எங்க வீட்டுக்காரரும் ஒரு தடவ குவைத்துலேருந்து லீவுல வந்தப்ப, அங்க பாத்தேன்னு மிக்சியப் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாக."

நான் டீச்சர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகவும் சொல்லவில்லை, வெளியே போகவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மதில்மேல் ஏற்றியிருந்த அகல்விளக்குகளில் பாதி அணைந்துவிட்டன. பேச்சு என்னைப் பற்றித் தொடங்கி, என்னை முடித்து, வளைகாப்புக்கு யார் யார் வந்தார்கள் என்பதற்குப் போனது. நடுவே டீச்சர் மேலே பார்த்தார்.

"கெளை மறுபடி தளுத்துருச்சு போல."

"ஆள விட்டு வெட்டிரட்டுமா டீச்சர்?"

"கெடக்கட்டும். நானும் பிஞ்சோட வெட்டச் சொல்லிருக்கக் கூடாது. வந்தவன் பாட்டுக்கு வெட்டிப்புட்டான்."

"நானும் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது டீச்சர்."

அவ்வளவுதான். டீச்சர் "இரு" என்று உள்ளே போய் எங்கள் வீட்டுத் தூக்குவாளி ஒன்றைக் கொண்டுவந்தார். சித்திரையிலிருந்து அதைக் காணவில்லை என்று நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். பளபளவென்று துலக்கியிருந்தது. உள்ளே ஒரு பிடி சீனி. டப்பா வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அதனால் கையில் அதுதான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு அந்த நீல டப்பா அச்சுமுறுக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலோடு போனது. போகும்போதும் வரும்போதும் கொஞ்சம் நீலம் உதிர்கிறது. மற்ற டப்பாக்களை மனைவி சுடுதண்ணீர் வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டாள். இந்த ஒன்று மட்டும் சொறி பிடித்ததுபோல அலைவது எனக்கே பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. போன வாரம் ஒரு சாயங்காலம், இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது நடுவே புகுந்து, "அந்த டப்பாவக் குடுங்க, சுத்தமாத் தேச்சு எடுத்துத் தாரேன்" என்றேன்.

"நீங்க அதத் தொடாதீங்க" என்று மதிலின் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது. அதன்பிறகு டீச்சர், "நீ சொல்லும்மா, அப்புறம்?" என்றார்.