முன்வரிசையில் ஒரு பிரபு

என் சித்தப்பாவைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நூறு பேருக்கு முன்னால் அவர் தலை குனிய வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு கொரிய முகமூடி.

அப்போது நான் ரொறன்ரோவில் ஃபிஞ்ச் வீதிப் பக்கத்தில் ஒரு கொரியப் பெண்ணின் தையல் கடையில் வேலை செய்தேன். காற்சட்டையின் நீளம் குறைப்பது, ஜக்கெட்டுக்கு சிப் மாற்றுவது. முதலாளியம்மாவுக்கு அறுபது தாண்டியிருந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இங்கிலிஷ்; அதிலேயே நன்றாகச் சண்டை பிடிப்போம். கடையின் பின்னறையில் அவர் முகமூடி செய்வார். களிமண் அச்சின்மேல் பசையில் ஊறிய கடதாசியை ஒட்டி, காயவைத்து, வர்ணம் பூசுவார். வருடத்துக்கு ஒருமுறை அவருடைய குழு அவற்றைப் போட்டுக்கொண்டு ஆடும்.

அது இலங்கையில் போர் முடிந்த வருடம். வைகாசியில் எல்லாம் முடிந்தது. ஆனியில் அம்மா முகாமிலிருந்து யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் பேசினார். "தம்பியை பங்கருக்குள்ளயே வைச்சு மூடிப்போட்டு வந்திட்டன் பிள்ளை" என்றார். பதுங்கியிருந்த குழியே அவனுக்குப் புதைகுழியாயிற்று.

அதற்கு மூன்று வருடம் முன்பு தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். இங்கே படிக்க வர அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. கனடாவில் ஓர் உறவினர் பொறுப்பேற்றுக் கடிதம் கொடுத்தால் போதும். என் அகதி வழக்கே அப்போது முடியவில்லை, நான் கொடுக்க முடியாது. மிசிசாகாவில் இருந்த சித்தப்பாவைக் கேட்டான். "எல்லாரும் ஓடி வந்தா அங்க ஆர் நிக்கிறது?" என்றாராம். தன் இரண்டு மகன்மாரையும் அந்தக் கிழமைதான் காரில் ஏற்றிக்கொண்டுபோய் யுனிவர்சிற்றியில் இறக்கிவிட்டிருந்தார். தம்பி போர் நடந்த வன்னிக்கே திரும்பிப் போனான்.

போர் முடிந்த பிறகு நடந்த அஞ்சலிக் கூட்டங்கள் எல்லாவற்றிலும் சித்தப்பா முன்வரிசை. முதல் விளக்கு அவர் கையால்தான். தம்பியின் படத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார். நான் கொடுக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கடிதம் கேட்டவனுக்குக் கொடுக்கவில்லை என்று அவர் தன் வாயால் சொல்லவேண்டும். அதை நினைத்து நினைத்து நான் தைத்த துணிகளில் எத்தனை ஊசி முறிந்தது என்று முதலாளியம்மாவுக்குத் தெரியும்.

இலையுதிர் காலத்தில் வோபர்னில் ஒரு மண்டபத்தில் பல்லின மக்களின் விழா என்று ஏற்பாடாகியிருந்தது. கொரிய முகமூடி ஆட்டமும் உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர். பிரதம விருந்தினர், வேறு யார், சித்தப்பா.

அந்த ஆட்டத்தில் மூன்று பிரபுக்கள் வருவார்கள், சவுக்கு வைத்த ஒரு வேலைக்காரன் வருவான். வேலைக்காரன் பிரபுக்களைச் சபையில் வைத்தே திட்டுவான். "என்னடா சொன்னாய்?" என்று அவர்கள் உறுமுவார்கள். உடனே அவன் குனிந்து, "ஐயா மகா உத்தமர் என்று சொன்னேன்" என்பான். அவர்களும் நம்பி, மகிழ்ந்து, நீண்ட வெள்ளைச் சட்டைக் கைகளை வீசி ஆடுவார்கள். பிறகு மறுபடியும் திட்டு, மறுபடியும் ஆட்டம். வேலைக்காரன் சபைக்குப் புரியும் மொழியில்தான் பேசவேண்டும் என்றார் முதலாளியம்மா. முகமூடியை என்னிடம் நீட்டினார். என்ன திட்டவேண்டும் என்று அவர் சொல்லித்தரவில்லை, நான் கேட்கவுமில்லை.

மேளம் தொடங்கியது. நான் சவுக்கைத் தரையில் அடித்தேன்.

"எங்கட ஐயா பெரிய வீரன். சோபாவில இருந்துகொண்டு ஒருத்தரும் ஓடக்கூடாது எண்டு கட்டளை போட்டவர். தன்ர பெடியளை மட்டும் ஹைவேயில ஓட விட்டவர்."

தமிழ் ஒரு சொல்லும் தெரியாத மூன்று கொரியப் பிரபுக்களும் சவுக்குச் சத்தத்தை வைத்து நேரம் பார்த்து உறுமினார்கள். "ஐயா கொடைவள்ளல் எண்டன்" என்று குனிந்தேன். அவர்கள் ஆடினார்கள். மண்டபம் சிரித்தது. முகமூடியின் துளை வழியாக முன்வரிசையைப் பார்த்தேன். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தவர் சித்தப்பா. கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து என் தோளில் தட்டினார். "வடிவாத் தமிழ் கதைக்கிறியள். உவன் செயலாளருக்கு நல்லாக் குடுத்தியள். அவன்ர கதைதானே உது?" செயலாளர் அவருடைய சங்கத்துப் போட்டியாளர்.

நான் முகமூடியைக் கழற்றினேன்.

"அட, நீயே பிள்ளை?"

"செயலாளரை இல்லை சித்தப்பா. உங்களைத்தான் சொன்னனான்."

"என்னையோ? நான் என்ன செய்தனான்?"

"தம்பி உங்களிட்டைக் கடிதம் கேட்டவன்."

"எந்தக் கடிதம்?" என்றார். அவர் பொய் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்த மனிதருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. யாரோ கூப்பிட, படம் எடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் முதலாளியம்மாவின் பின்வளவில் குழுவினர் கூடினார்கள். பார்பிக்யூ அடுப்பில் நெருப்பு மூட்டி முகமூடிகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். ஆடி முடிந்ததும் எரித்துவிடுவது அவர்கள் வழக்கமாம். முகமூடிக்குள்ளிருந்து சொன்னதெல்லாம் அதோடு போய்விட வேண்டும், யாரும் யாரையும் தண்டிக்கக்கூடாது. என் முகமூடியை நான் கொடுக்க மறுத்தேன்.

முதலாளியம்மா என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். கையில் மூத்த பிரபுவின் முகமூடி இருந்தது. அதன் ஒரு கண்ணிமை சரிந்திருந்தது. "இதைப் பார். இப்போது அங்கே பார்" என்றார். அடுப்புக்குப் பக்கத்தில் மேளக்காரக் கிழவர் நின்றார். அவருடைய இடது இமையும் அதேபோல் சரிந்திருந்தது.

முதலாளியம்மாவுக்கு நாலு வயதாக இருந்தபோது அவர்கள் ஊரிலும் போர். ஆயுதக்காரர் வந்து அவருடைய அப்பாவைக் கொண்டுபோனார்கள். வீட்டைக் கைகாட்டியது பக்கத்து வீட்டு இளைஞன். அந்த இளைஞன்தான் இந்தக் கிழவர். அப்பா திரும்பி வரவில்லை. பல வருடம் கழித்து ரொறன்ரோவில் ஒரே தேவாலயத்தில் கிழவரைக் கண்டிருக்கிறார். அந்த மேளம் வாசிக்க இந்த நகரத்தில் வேறு ஆள் இல்லை. ஆகவே ஒவ்வொரு வருடமும் அவர் முகத்தையே பிரபுவுக்குச் செய்கிறார். அவரும் அந்தப் பிரபுவை ஆட்டுவதற்கு மேளம் அடிக்கிறார்.

"அவருக்குத் தெரியுமா?"

"முதல் வருடமே தெரிந்துவிட்டது."

"எரித்தால் மனதிலிருந்து போய்விடுமா?"

"போகாது" என்றார். "போயிருந்தால் ஒரு வருடத்தோடு நிறுத்தியிருப்பேனே. அடுத்த வருடம் புதிதாகச் செய்யத்தான் பழையதை எரிக்கிறேன்."

என் முகமூடியை நெருப்பில் போட்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலை முடிந்த பிறகு பின்னறையில் இருந்தேன். வேலைக்காரனின் முகத்தை அவரிடம் விட்டுவிட்டேன். இரண்டாவது பிரபுவை நான் செய்தேன். சித்தப்பாவின் மையடித்த மீசை, தங்க பிரேம் கண்ணாடி, இடது கன்னத்தில் கடலை அளவு மச்சம். மச்சத்தை மூன்று முறை வெட்டி ஒட்டினேன். இந்தத் தடவை செயலாளருக்கு இடமே வைக்கவில்லை.

அடுத்த விழாவில் அந்தப் பிரபு மேடைக்கு வந்ததும், வேலைக்காரனாக நின்ற நான் வாய் திறக்கும் முன்பே சபை சிரித்தது. தலைகள் ஒவ்வொன்றாக முன்வரிசைப் பக்கம் திரும்பின. சித்தப்பா சிரிக்கவில்லை. எழுந்து போனால் தான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே கடைசிவரைக்கும் இருந்து பார்த்தார். நானும் வழமையைவிட நீட்டித்தான் ஆடினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

கார் நிறுத்துமிடத்தில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். மகன் காருக்குள் இருந்து ஹோர்ன் அடித்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓம் பிள்ளை. அவன் கேட்டவன். நான் குடுக்கேல்லை" என்றார்.

இதைத்தான் அத்தனை நாளும் கேட்க விரும்பினேன். கேட்டதும் காலில் விழுந்த பாரத்தை எடுத்துவிட்டதுபோல் இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஒன்றும் இல்லை. அவருடைய மீசை நடுங்குவதைப் பார்த்தேன், பாவமாகக்கூட இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் வராது. நான் சொல்லவில்லை. பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மூன்றாம் வருடமும் அதே மச்சத்தைப் புதிதாக வெட்டி ஒட்டினேன், அவருக்கு அழைப்பிதழ் அனுப்பினேன்.